உங்களுக்குத் தெரியுமா? வீட்டு இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குள் இத்தனை விசித்திரங்களா!

தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு. மனையோடு சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய். இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு எடுக்க வேண்டும்? ஒன்றரைக் கோடிக்கா? இல்லவே இல்லை! மனைக்கு ஒரு பைசாகூடக் காப்பீடு கிடையாது! எரிந்தாலும் இடிந்தாலும் திரும்பக் கட்ட வேண்டியது கட்டடத்தைத்தானே? அந்தக் கட்டுமானச் செலவுக்கு மட்டும்தான் இன்ஷூரன்ஸ்!

1,000 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு என்று வையுங்கள். பெருக்கினால் 25 லட்சம். ஒன்றரைக் கோடி வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை வெறும் 25 லட்சம்!

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பிரீமியத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று பேச மாட்டார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள்! ஒரு கணக்குக்கு ஆயிரத்துக்கு 30 பைசா என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சத்துக்கு 750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 135 ரூபாய். ஆக மொத்தம் 885 ரூபாய். நாள் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய்கூட வரவில்லை!

ஜி.எஸ்.டி. என்றதும் இதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு வரி பூஜ்யம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பூஜ்யம். வீட்டுக் காப்பீட்டுக்கு? அதே பழைய 18 சதவீதம்!

2006 முடியும்வரை இந்தியாவில் எந்த கம்பெனியில் கேட்டாலும் தீ இன்ஷூரன்ஸுக்கு ஒரே கட்டணப் பட்டியல்தான். பேரம் பேசவே முடியாது! 2007 ஜனவரி 1-ல் அந்தப் பட்டியலின் பிடி தளர்ந்தது. அன்றிலிருந்துதான் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு!

ஆனால் 2021 ஏப்ரல் 1-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியை எல்லா கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. பாலிசியின் அடிப்படை வாசகம் எங்கும் ஒன்றே! மாறுவது விலை மட்டும்! ஒரே சரக்கு, பல விலை. ஒப்பிட்டு வாங்காதவருக்குத்தான் நஷ்டம்!

அந்தப் பாலிசிக்குள் நாங்கள் தோண்டத் தோண்டப் புதையலாக வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறோம், பாருங்கள்!

கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் வீட்டுச் சாமான்களும் தானாகவே உள்ளே வந்துவிடும்! கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை. 25 லட்சக் கட்டடம் என்றால் ஃபிரிட்ஜ், டி.வி., பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்குமாக 5 லட்சம்! நீங்கள் பட்டியல்கூடக் கொடுக்க வேண்டாம்!

இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 10 லட்சம். கட்டடம் 50 லட்சமானாலும் சாமான்களுக்கு 10 லட்சம். கட்டடம் 2 கோடியானாலும் அதே 10 லட்சம்! அதற்குமேல் வேண்டுமென்றால் சாமான்களைத் தனியாகச் சொல்லித்தான் கூட்ட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவரா? கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்! வாடகைதாரருக்கு எதுவும் இல்லை என்று நினைத்திருந்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

புறநகர்த் தனி வீட்டுக்காரர்களே, இது உங்களுக்கு! மதில் சுவர், இரும்பு கேட், கார் ஷெட், தண்ணீர்த் தொட்டி, மாடியில் இருக்கும் சோலார் பேனல் எல்லாமே 'கட்டடம்' என்ற கணக்கில் வரும். ஆனால் இவற்றின் செலவைச் சதுர அடிக் கணக்கின்மேல் தனியாகக் கூட்டிச் சொல்ல வேண்டும். சோலார் போட்டவர்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்?

பத்து ஆண்டுகளுக்கு ஒரே மூச்சில் பாலிசி எடுக்க முடியும்! அதைவிடப் பெரிய செய்தி, ஆண்டுதோறும் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை 10 சதவீதம் தானாக ஏறும். அதற்குக் கூடுதல் பிரீமியம்? ஒரு ரூபாய்கூடக் கிடையாது! முதலில் எடுத்த தொகையைப் போல இரு மடங்கு வரை ஏறலாம்!

இனி சொல்லப்போவதுதான் எங்கள் கண்ணில் பட்டதிலேயே பெரிய வைரம்! பழைய காலத்துப் பாலிசிகளில் ஒரு பொல்லாத கணக்கு இருந்தது. 25 லட்சம் பெறுமான கட்டடத்தைப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பன்னிரண்டரை லட்சத்துக்குக் காப்பீடு செய்தீர்கள் என்று வையுங்கள். வெள்ளத்தில் 4 லட்சம் நஷ்டம். கம்பெனி என்ன சொல்லும்? 'பாதி மதிப்புக்குத்தானே எடுத்தீர்கள், நஷ்டத்திலும் பாதிதான்' என்று 2 லட்சத்தைக் கையில் கொடுக்கும்! மீதி 2 லட்சம் உங்கள் தலையில்!

பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கணக்கையே தூக்கிவிட்டார்கள்! எடுத்த தொகைக்கு உட்பட்ட நஷ்டம் என்றால் குறைத்து எடுத்தவருக்கும் பாதிப் பாதியாக வெட்டு விழாது! சாமானியருக்கு இவ்வளவு சாதகமான ஒரு ஏற்பாட்டைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியத்திலும் ஆச்சரியம்!

அதற்காகக் குறைத்து எடுத்துவிடாதீர்கள்! வீடு முழுவதும் போனால் எடுத்த தொகைக்குமேல் யாரும் தர மாட்டார்கள்.

திருடன் பூட்டை உடைத்து டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போனால் இந்தப் பாலிசி காசு தருமா? தராது! வெள்ளம், புயல், தீ மாதிரி பாலிசியில் சொன்ன ஒரு சம்பவம் நடந்து, அதனால் 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் தரும்! வெறும் பூட்டை உடைத்த திருட்டுக்குத் தனிப் பாதுகாப்பைச் சேர்த்து வாங்க வேண்டும். வீட்டு இன்ஷூரன்ஸ் என்றாலே திருட்டுக்குத்தான் என்று நினைக்கும் ஊரில் இது எத்தனை பெரிய அதிர்ச்சி!

பீரோவில் இருக்கும் நகை? அதுவும் சாதாரணச் சாமான் கணக்கில் வராது! 'விலைமதிப்புள்ள பொருட்கள்' என்ற தனிப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். மொத்த நகைக் காப்பீடு 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொரு நகையும் ஒரு லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டாம். தாண்டினால் வேண்டும். இன்று தங்கம் விற்கிற விலையில் ஒரு லட்சத்துக்கு எத்தனை சவரன் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

ரொக்கப் பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. பதிக்காத வைரக் கல்லுக்குக் கிடையாது. வாசலில் நிற்கும் வண்டிக்கும் கிடையாது. வண்டிக்கு வண்டி இன்ஷூரன்ஸ்தான்!

மாடித் தொட்டி வெடித்து, தண்ணீர் கூடத்துக்குள் கொட்டி நாசமானால்? பாதுகாப்பு உண்டு! பக்கத்து மனை வேப்பமரம் சாய்ந்து மாடிச் சுவர் உடைந்தால்? உண்டு! லாரி வந்து மதிலில் மோதினால்? உண்டு! விமானம் வந்து விழுந்தால்? அதற்கும் உண்டு!

ஆனால் அதே விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்து, அந்த அதிர்வலையில் உங்கள் ஜன்னல் கண்ணாடி நொறுங்கினால்? கிடையாது! ஒரு சாதாரண வீட்டுப் பாலிசியில் சூப்பர்சானிக் விமானத்துக்கு என்றே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது நம்பவே முடியவில்லை!

கரையான் அரித்த கதவு நிலைக்கு? கிடையவே கிடையாது! மெல்ல மெல்ல நடக்கும் சேதம் எதுவுமே இன்ஷூரன்ஸ் கணக்கில் வராது. வேதனைதான், ஆனால் விதி அதுதான்.

வீடு இடிந்தால் இடிபாட்டை அள்ளிப் போடவும் செலவாகுமே? க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை அதற்கும் உண்டு! இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், சர்வேயர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை! வீட்டைச் சரிசெய்யும்வரை வேறு இடத்தில் குடியிருந்தால் அந்த வாடகைக்கும் வழி உண்டு! கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கு 5 லட்சம் விபத்துக் காப்பீட்டையும் இதே வீட்டுப் பாலிசியோடு சேர்த்து வாங்கலாம்! வீட்டைத் தாக்கிய அதே ஆபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு அந்தப் பணம்!

பயங்கரவாதத் தாக்குதலுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. அதற்கான பின்னணி நியூயார்க்கில்! 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு உலகம் முழுவதும் கம்பெனிகள் அந்த ஆபத்தை எடுக்க அஞ்சின. 2002 ஏப்ரலில் இந்திய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது நிதியத்தை உருவாக்கின. இன்றுவரை அது ஓடுகிறது!

மழை? 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர்! செம்பரம்பாக்கத்தில் 47! முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு போனது! வெள்ளம், புயல், சுனாமி, நிலச்சரிவு, நிலநடுக்கம் அத்தனையும் பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பாதுகாப்பிலேயே இருக்கின்றன. தனியாகக் கேட்க வேண்டியதில்லை!

சென்னையில் நிலநடுக்கமா என்று சிரிக்காதீர்கள்! 2002-ல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. மண்டலம் ஏறினால் ஆபத்துக் கணக்கும் ஏறும்!

இப்போது கொஞ்சம் வரலாறு! நாட்டின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனம் எது? 1850-ல் கல்கத்தாவில் தொடங்கிய ட்ரைடன்! 1973 ஜனவரி 1-ல் 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. நான்கில் ஒன்றுக்குத் தலைமையகம் நம் சென்னை. அதுதான் யுனைடெட் இந்தியா!

சரி, லண்டனில் வீட்டு இன்ஷூரன்ஸ் எங்கே பிறந்தது? சாம்பலில்! 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ. 13,200 வீடுகள் போயின! 87 தேவாலயங்கள் போயின!

அதற்குப் பிறகு நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்கான காப்பீட்டு அலுவலகத்தைத் தொடங்கினார். செங்கல் வீடு என்றால் ஆண்டு வாடகையில் இரண்டரை சதவீதம். மர வீடு என்றால் 5 சதவீதம். நேர் இரட்டிப்பு! வீடு எதனால் கட்டியது என்று இன்றைக்கும் விண்ணப்பத்தில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு முன்னூற்று நாற்பது வயதுக்கு மேல்!

ஆனால் பார்பனையும் முந்தியவர்கள் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தீ நிதியம் 1676-லேயே தொடங்கிவிட்டது! அதுவரை சின்னச் சின்னதாக இருந்த தீ ஒப்பந்தங்களை ஒன்றாக்கிப் பிறந்தது. உலகின் மிகப் பழைய காப்பீட்டு நிறுவனம் என்ற பெயர் அதற்குத்தான்!

லண்டனில் தீயணைப்புப் படைகளை முதலில் வைத்திருந்தது யார்? அரசா? இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்! தங்களிடம் காப்பீடு எடுத்த வீட்டுச் சுவரில் உலோகத் தகட்டில் முத்திரை அடித்து வைப்பார்கள். 1861-ல் டூலி தெருக் கிடங்குகள் இரண்டு வாரம் எரிந்தன. தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டே சுவர் இடிந்து இறந்துபோனார். 'இனி எங்களால் முடியாது' என்று கம்பெனிகள் அரசிடம் ஒப்படைத்தன. 1866-ல்தான் லண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை வந்தது!

வீட்டு முன் மரம் இருந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது! இது நடந்தது அமெரிக்காவில். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தீக்காப்பீட்டுச் சங்கம் தொடங்கினார். 1781-ல் அந்தச் சங்கம் முடிவு செய்தது: தீயணைக்க மரங்கள் இடைஞ்சல், ஆகவே மரம் வைத்த வீட்டுக்குப் பாலிசி இல்லை!

மரத்தை நேசித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1784-ல் போட்டிச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். மரம் இருந்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியம், அவ்வளவுதான்! அதன் முத்திரை என்ன தெரியுமா? ஒரு பச்சை மரம்! ஒரு மரத்துக்காகப் பிறந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி! இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

திருட்டு இன்ஷூரன்ஸ் யார் தந்த வரம்? லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கத்பர்ட் ஹீத்! தீக்கு மட்டும் காப்பீடு தந்த காலத்தில், திருட்டுக்கும் தருவீர்களா என்று ஒருவர் கேட்டார். தந்தால் என்ன என்று தந்துவிட்டார்! திருட்டுக்கான காப்பீடு கதவைத் திறந்தது அப்போதுதான்.

அதே ஹீத் இன்னொரு காரியம் செய்தார். 1906 ஏப்ரல் 18. சான் ஃபிரான்சிஸ்கோவில் பயங்கர நிலநடுக்கம். தொடர்ந்து தீ. நகரத்தில் 28,000 கட்டடங்கள் போயின! அன்றைய பாலிசிகள் தீக்குப் பணம் தரும், நிலநடுக்கத்துக்குத் தராது. விளைவு? ஆடி இடிந்த தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைத்தவர்கள் உண்டு!

கம்பெனிகள் பாலிசியை வரி வரியாகப் படித்துத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தன. ஹீத்தோ தன் ஏஜென்டுக்குத் தந்தி அடித்தார்: பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, நம்மிடம் எடுத்த அத்தனை பேருக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிடு! அமெரிக்காவில் லாயிட்ஸின் பெயர் நிலைத்து நிற்க அந்த ஒரு தந்தி போதுமானதாக இருந்தது!

தீ, திருட்டு, அடுத்தவருக்கு ஏற்படும் சேதம் எல்லாவற்றுக்கும் அமெரிக்கர்கள் தனித்தனிப் பாலிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1950-ல்தான் எல்லாம் ஒரே பாலிசிக்குள் வந்தன! புறநகர் வீடுகள் வரிசை வரிசையாக முளைத்த காலம் அது.

அமெரிக்கப் புறநகரில் தெரு முனைத் தீயணைப்புக் குழாய் உங்கள் வீட்டிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கிறதா? தீயணைப்பு நிலையம் 5 மைலுக்குள் இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் பிரீமியம் இறங்கும்! ஊருக்கு ஊர் 1 முதல் 10 வரை தீயணைப்பு மதிப்பெண்ணே போட்டு வைத்திருக்கிறார்கள்!

நாய் வளர்த்தால்கூட அங்கே இன்ஷூரன்ஸ் பேச்சு வரும்! நாய் கடித்தால் இழப்பீடு வீட்டுப் பாலிசியிலிருந்துதான். அப்படிப் போகும் பணம் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல்! சில இனத்து நாய் இருந்தால் பாலிசியே தராத கம்பெனிகள் உண்டு.

கடன் ஒழுங்காகக் கட்டாதவருக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் விலை ஏறும்! பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் கடன் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், மேரிலாந்து மூன்றிலும் இதற்குத் தடை!

4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீடு. சூறாவளி வந்தால் முதல் 5 சதவீதம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று பாலிசியில் ஒரு வரி. 5 சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். 20,000 டாலர்! நஷ்டத்தில் 5 சதவீதம் இல்லை, காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம்! பிரீமியத்தைக் குறைக்க இந்த வரியை ஏற்றுக்கொண்டவர்கள் புயல் வந்த பிறகுதான் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளத்துக்கு இடமே கிடையாது! அதற்காக அரசே 1968-ல் தனித் திட்டம் தொடங்கியது. மழை வருகிறதென்று ஓடிப்போய் எடுக்கவும் முடியாது. பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்!

2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் புது வீட்டுப் பாலிசிகளையே நிறுத்தியது ஸ்டேட் ஃபார்ம். நாட்டின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் அது! 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிக் காட்டுத்தீ. அழிந்த கட்டடங்கள் 16,000-க்கும் மேல்!

இனி சிட்னிக்கு வாருங்கள். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று நம் தமிழர்கள் நிறைந்த புறநகர்கள். அங்கே வீட்டு இன்ஷூரன்ஸ் பில்லில் வரிக்கு வரி போடுகிறார்கள்! பிரீமியம் 1,000 டாலர் என்றால் ஜி.எஸ்.டி. 100. பிறகு முத்திரை வரி 9 சதவீதம். அது 1,000-க்கு இல்லை, 1,100-க்கு! 99 டாலர்! மொத்தம் 1,199!

இன்னும் முடியவில்லை! அந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தீயணைப்பு, அவசரகாலச் சேவைகளின் செலவில் 73.7 சதவீதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. கம்பெனி அதை யாரிடம் வாங்கும்? பாலிசி எடுத்தவரிடம்தான்! பாலிசியே எடுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் தீயணைப்பு வண்டி வரும். செலவு உங்களுடையது! எங்களைக் கேட்டால், இது அநியாயம்தான். விக்டோரியா மாநிலம் 2013 ஜூலை 1-ல் இந்த வசூலை இன்ஷூரன்ஸிலிருந்து எடுத்தே விட்டது.

2011-ல் பிரிஸ்பேன் மூழ்கியபோது வீட்டுக்காரர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு கம்பெனி அதை வெள்ளம் என்றது. இன்னொன்று மழைநீர் என்றது. ஒரே தெருவில் ஒருவருக்குப் பணம், அடுத்தவருக்கு இல்லை! அடுத்த ஆண்டே அரசு சட்டத்தில் எழுதிவிட்டது, எது வெள்ளம் என்று!

1999 ஏப்ரல் 14. சிட்னியில் ஆலங்கட்டி மழை. ஒரு கட்டி 9 சென்டிமீட்டர்! கூரைகள் பொத்தல் பொத்தலாயின. காப்பீட்டு நஷ்டம் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர்!

மனைக்குக் காப்பீடு உலகில் எங்குமே கிடையாதா? நியூசிலாந்தில் உண்டு! நிலநடுக்கம், நிலச்சரிவு என்றால் வீட்டுக்கு அடியிலும் சுற்றி 8 மீட்டருக்குள்ளும் உள்ள நிலத்துக்கும் அரசு அமைப்பே ஈடு தருகிறது! தீக்காப்பீடு எடுத்த வீட்டுக்கு இது தானாகவே வரும்.

துருக்கியில் நிலநடுக்க இன்ஷூரன்ஸ் காகிதம் காட்டாவிட்டால் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் வாங்க முடியாது! 1999 நிலநடுக்கம் கற்றுக்கொடுத்த பாடம்.

ஜப்பானில் தீ இன்ஷூரன்ஸ் நிலநடுக்கத்துக்கு உதவாது. நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாக எடுத்தாலும் தீக்காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான்! அந்தக் காப்பீட்டை மட்டும் வைத்து முழு வீட்டையும் ஈடுகட்ட முடியாது!

வானத்திலிருந்து எரிகல் விழுந்தால்? ஸ்பெயினில் இழப்பீடு உண்டு! அரசின் காப்பீட்டு அமைப்பு எரிகல்லையும் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறது!

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குத் தீக்காப்பீடு 5 ஆண்டுகளுக்குச் சில வெள்ளிகள்தான்! ஆனால் அது சுவருக்கும் கூரைக்கும் மட்டும். உள்ளே இருக்கும் சோஃபாவுக்கு ஒரு காசு வராது!

பிரான்சில் 2025 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வீட்டுப் பாலிசியிலும் இயற்கைப் பேரிடர்க் கட்டணம் 12-லிருந்து 20 சதவீதமாக ஏறிவிட்டது. வாடகைதாரருக்கும் அங்கே இன்ஷூரன்ஸ் கட்டாயம்!

பிரிட்டனில் வெள்ள அபாயப் பகுதி வீடுகளுக்கு மலிவு விலையில் காப்பீடு கிடைக்க 2016-ல் ஒரு திட்டம் வந்தது. 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு மட்டும் அதில் இடமில்லை! தெரிந்தே வெள்ளக்காட்டில் வீடு கட்டக் கூடாது என்பதற்காக!

மறுபடி நம் ஊர். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி ஒரு பாலிசி எடுத்திருக்கும். க்ளெய்ம் பணம் முதலில் யாருக்குப் போகும்? வங்கிக்கு! அதில் சாமான்கள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? கடன் கோப்பிலிருந்து நகல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள்!

கம்பெனி க்ளெய்மை மறுத்தால் வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் இலவசமாக விசாரிப்பார்! சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தியச் சட்டப்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி எந்த ஆபத்தையும் ஏற்கக் கூடாது. 'நாளைக்குக் கட்டுகிறேன்' என்றால் இன்றைய இரவு வெள்ளத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். உங்கள் பாலிசி முடியும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்!